எல்டிஎல் 3.9: ஏர் ஃப்ரையர் வாங்கினால் குறையுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 56, எடை 81 கிலோ. சென்ற மாதம் பலதுறை மருந்தகத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு லிட்டருக்கு 3.9 மில்லிமோல், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.4 விழுக்காடு என்று வந்தது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும், கொழுப்புக்கு இரவில் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமும் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் நான்கு பேர். வாரத்தில் மூன்று நாள் மீன் பொரிப்பேன், வெள்ளிக்கிழமை மசால்வடை சுடுவேன். மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி வைத்துத் தாளிக்கப் பயன்படுத்துவேன். மகள் 150 வெள்ளிக்கு ஒரு ஏர் ஃப்ரையர் பார்த்து வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு அக்காவோ அதில் சமைத்தால் புற்றுநோய் வரும் என்கிறார். வாங்கலாமா டாக்டர்?
– யீஷூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: வாங்கலாம் அம்மா. உங்கள் சமையலறையில் அது எண்ணெய்ச் சட்டியின் இடத்துக்கு வரவேண்டும். சட்டியும் அப்படியே இருக்க, பிள்ளைகளுக்கு நகெட்டும் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸும் சுடுவதற்கு இன்னொரு பெட்டியாக வருமானால், அந்த 150 வெள்ளியை மீன், காய்கறிக்குச் செலவழியுங்கள்.

பெயரில் ‘ஃப்ரையர்’ இருந்தாலும் அது எதையும் பொரிப்பதில்லை. மேலே ஒரு சூட்டுக் கம்பி, அதன் மேல் ஒரு விசிறி, கீழே துளையிட்ட கூடை, அவ்வளவுதான். சூடான காற்று கூடைக்குள் வேகமாகச் சுழன்று உணவின் மேற்பரப்பை உலர்த்தி மொறுமொறுப்பாக்குகிறது. சிறிய அடுமனை அடுப்பு என்றே சொல்லலாம். உங்களிடம் விசிறி வைத்த ‘ஓவன்’ அடுப்பு ஏற்கெனவே இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. அதிலேயே கம்பித் தட்டில் வைத்துச் சுட்டால் ஏறத்தாழ இதே பலன் கிடைக்கும், நேரம்தான் சற்றுக் கூடும்.

உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். சமையலறைத் தராசில் எண்ணெய்ச் சட்டியை எண்ணெயோடு எடை போடுங்கள். வடை சுட்டு முடித்து, எண்ணெய் ஆறிய பிறகு திரும்ப எடை போடுங்கள். குறைந்த எடையை வடைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வடை ஏறக்குறைய எவ்வளவு குடித்தது என்று தெரிந்துவிடும். ஒரு வடைக்கு 6 கிராம் வந்தால், மூன்று வடைக்கு 18 கிராம், அதாவது எண்ணெயிலிருந்து மட்டும் 160 கலோரி. அதே வடைக்கு மேலும் கீழும் எண்ணெய் தடவி ஏர் ஃப்ரையரில் சுட்டால், ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஆறு வடைக்குப் போதும். ஒன்றுக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. 81 கிலோ எடையுள்ள சர்க்கரை நோயாளிக்கு, வாரத்தில் நான்கு நாள் இப்படி மிச்சமாவது எடையைக் குறைக்க உதவும். எடை குறைந்தால் சர்க்கரையும் கட்டுக்குள் வரும்.

வீட்டின் மொத்த எண்ணெயைத் தெரிந்துகொள்ள இன்னும் எளிய வழி உண்டு. புதிதாக 2 லிட்டர் போத்தலைத் திறக்கும் நாளை அதன் மேல் எழுதி வையுங்கள். நான்கு பேருக்கு அது 30 நாள் வந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 கிராம், ஒரு மேசைக்கரண்டி. அது நல்ல அளவு. இரண்டு வாரத்தில் தீர்ந்தால் ஆளுக்கு 30 கிராமுக்கு மேல் போகிறது என்று பொருள், குறைக்க நிறைய இடமிருக்கிறது. வெளியே சாப்பிடுவது இதில் சேராது என்பதை மறக்க வேண்டாம்.

இனி எல்டிஎல். இங்கேதான் பலரும் தவறாக எதிர்பார்க்கிறார்கள். எல்டிஎல்லை அதிகம் உயர்த்துவது நிறைவுற்ற கொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்). நீங்கள் சூரியகாந்தி எண்ணெயிலோ கனோலாவிலோ பொரிப்பவராக இருந்தால், ஏர் ஃப்ரையருக்கு மாறுவதால் கலோரி குறையும், எல்டிஎல்லில் பெரிய மாற்றம் இராது. பாமாயிலில் பொரிப்பவருக்கு மாற்றம் தெரியும். போத்தலில் ‘வெஜிடபிள் ஆயில்’ என்று மட்டும் போட்டிருந்தால் பின்பக்க அட்டவணையைப் பாருங்கள். 100 கிராமில் நிறைவுற்ற கொழுப்பு 40 கிராமை ஒட்டி இருந்தால் அது பெரும்பாலும் பாமாயில். கனோலாவில் அது 7 கிராம் அளவே, நல்லெண்ணெயில் 15 வரை. தேங்காயெண்ணெயில் 80க்கும் மேல். நெய், தேங்காய்ப்பால், தேங்காய்ப்பாலில் வெந்த சோறான நாசி லெமாக், பரோட்டா, ஆட்டுக் கொழுப்பு ஆகியவற்றிலிருந்து வருவதை எந்தக் கருவியும் தடுக்காது. கணவர் காலையில் உணவங்காடியில் இரண்டு பரோட்டாவும் தே தாரிக் எனும் பால் தேநீரும் சாப்பிட்டுவிட்டு, இரவில் ஏர் ஃப்ரையர் மீன் சாப்பிட்டால் எல்டிஎல் இறங்கவில்லையே என்று கருவியைக் குறை சொல்ல முடியாது.

உறைபெட்டிப் பண்டங்களும் அப்படித்தான். உறைந்த பரோட்டா, கறிபஃப், சமோசா, நகெட் இவற்றில் கொழுப்பு தொழிற்சாலையிலேயே ஏறிவிடுகிறது. பல வகைகளை ஒருமுறை பொரித்த பிறகே உறைய வைக்கிறார்கள். ‘எண்ணெயே ஊற்றவில்லை’ என்ற நிம்மதியில் ஒன்றுக்கு மூன்றாகச் சாப்பிடுவதுதான் ஏர் ஃப்ரையர் வந்த வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. உப்பும் அதிகம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியம் என்பதே வரம்பு, அதாவது ஒரு தேக்கரண்டி உப்பு. பொட்டலத்தில் ஒரு பரிமாறலுக்கு எவ்வளவு சோடியம் என்று பார்த்துவிட்டுக் கூடையில் போடுங்கள்.

அக்காவின் பயத்துக்கு வருகிறேன், அது முழுக்க ஆதாரமற்றதல்ல. மாவுச்சத்துள்ள உணவை 120 டிகிரிக்கு மேல் உலர்ந்த சூட்டில் சமைத்தால் அக்ரிலமைடு என்ற பொருள் உருவாகிறது. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994இல் அதை 2ஏ பிரிவில் வைத்தது, அதாவது மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. விலங்குகளில் அது புற்றுநோயை உண்டாக்குகிறது. உணவில் சாப்பிடும் அளவு மனிதருக்கும் அப்படிச் செய்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. ஆனால் இது ஏர் ஃப்ரையருக்கு மட்டும் உரியதல்ல. எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கிலும், ரொட்டிக் கருகலிலும், வறுத்த காப்பிக்கொட்டையிலும் இருக்கிறது. மேலும், உயர்வெப்ப எண்ணெயில் பொரிக்கும்போது எழும் புகையையும் அதே அமைப்பு அதே 2ஏ பிரிவில்தான் வைத்திருக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சிறிய சமையலறையில், வாரம் நான்கு நாள் சட்டி முன் நிற்பவர் நீங்கள். புற்றுநோயை நினைத்துத்தான் முடிவெடுப்பது என்றால், அந்தப் புகையை விட்டு விலகுவது உங்களுக்கு நல்லது.

அக்ரிலமைடைக் குறைப்பது கடினமல்ல. மீனிலும் கோழியிலும் அது மிகக் குறைவு, உருளைக்கிழங்கிலும் மாவுப் பண்டத்திலும்தான் கவனம் தேவை. நறுக்கிய கிழங்கை 30 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, துணியால் ஒற்றி உலர்த்துங்கள். 200 வேண்டாம், 180 டிகிரி போதும். பொன்னிறம் வந்ததும் நிறுத்துங்கள், பழுப்பு வரை விடாதீர்கள். இந்த ஊர் வெயிலுக்குப் பயந்து பலர் உருளைக்கிழங்கைக் குளிர்பெட்டியில் வைக்கிறார்கள். குளிரில் கிழங்கின் மாவு சர்க்கரையாக மாறி, சுடும்போது அக்ரிலமைடு கூடலாம். கொஞ்சமாக வாங்கி, இருட்டான காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். இத்தனை செய்தாலும் கிழங்கு கிழங்குதான். எண்ணெய் குறைந்ததால் அது சர்க்கரையை ஏற்றாமல் விடாது.

கூடையின் ஒட்டாப் பூச்சு இன்னொரு கவலை. அந்தப் பூச்சு 260 டிகிரி வரை நிலையாக இருக்கும், பெரும்பாலான ஏர் ஃப்ரையர்கள் 200க்கு மேல் போவதில்லை. இரும்புக் கரண்டி, கம்பி நார், கேனில் அடைத்த எண்ணெய்த் தெளிப்பு மூன்றும் பூச்சைக் கெடுக்கும். தெளிப்பில் உள்ள லெசித்தின் பிசினாக ஒட்டிக்கொண்டு, தேய்க்கத் தேய்க்கப் பூச்சும் உரியும். எண்ணெயைத் தூரிகையால் உணவின் மேல் தடவுங்கள். பூச்சு உரிந்துவிட்டால் கூடையை மட்டும் மாற்றலாம், உதிரிக்கூடை கிடைக்கும் மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் கிளியோ வேறு பறவையோ இருந்தால், முதன்முறை சூடாக்கும்போது அதை வேறு அறைக்கு மாற்றிச் சன்னலைத் திறந்து வையுங்கள். அளவுக்கு மேல் சூடான பூச்சின் ஆவி பறவைகளைக் கொல்லக்கூடியது.

மீன்தான் இந்தக் கருவிக்கு ஏற்றது. நான்கு கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனைக் கீறி, தாள் துண்டால் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் மீன் வேகுமே தவிர மொறுமொறுக்காது. மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு, இரண்டு தேக்கரண்டி எண்ணெய், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்து தடவுங்கள். எண்ணெயே இல்லாமல் வெறும் மசாலாத் தூளைத் தூவினால் தூள் கருகிக் கசக்கும், விசிறிக் காற்றில் பறந்து கம்பியிலும் ஒட்டும். 180 டிகிரியில் 10 நிமிடம், திருப்பிப் போட்டு 4 நிமிடம். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் அடியிலிருப்பது அவியும். கோழி வைத்தால் எலும்பை ஒட்டிய இடம் 75 டிகிரி வரவேண்டும். 20 வெள்ளிக்குள் கிடைக்கும் உணவு வெப்பமானி இதற்குப் போதும்.

மசால்வடைக்குக் கடலைப்பருப்பை 2 மணி நேரம் ஊறவைத்து, 20 நிமிடம் வடியவிட்டு, தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரையுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம், தடித்தால் உள்ளே வறண்டு போகும். வெங்காயத்தைச் சற்றுக் கூடுதலாகச் சேருங்கள், அதன் ஈரம் வடையைக் காப்பாற்றும். இருபுறமும் எண்ணெய் தடவி 180 டிகிரியில் 8 நிமிடம், திருப்பி 5 நிமிடம். உளுந்து வடையையும் பஜ்ஜியையும் இதில் முயல வேண்டாம். ஈரமாவு கூடைத் துளைகள் வழியே ஒழுகிப் புகையும். உளுந்து மாவைப் பணியாரக் கல்லில் குழிக்குக் கால் தேக்கரண்டி எண்ணெயில் ஊற்றுவதே நன்றாக வரும். அப்பளத்தைத் தனியாகப் போட்டால் காற்றில் எழும்பிச் சூட்டுக் கம்பியில் ஒட்டித் தீப்பிடிக்கலாம், மேலே கம்பித் தட்டு வைத்தே சுடவேண்டும். சமையல் தாளும் அப்படியே, உணவின் எடை இல்லாமல் வெறும் தாளை உள்ளே வைத்துச் சூடாக்கக் கூடாது.

வெண்டைக்காய், கத்தரிக்காய், பாகற்காய் மூன்றையும் நான் மனமார சிபாரிசு செய்வேன். கத்தரிக்காய் சட்டியில் பஞ்சுபோல் எண்ணெய் குடிக்கும், இதில் 300 கிராமுக்கு இரண்டு தேக்கரண்டி போதும். 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், இடையில் இரண்டு முறை குலுக்குங்கள். தினமும் ஒரு காய் இப்படி வந்து கணவரின் தட்டில் பாதி நிறைந்தால், சர்க்கரைக்கு அதுதான் பெரிய உதவி. இட்லி, இடியாப்பம், ஆவியில் வேகவைத்த மீன் இவற்றை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஏர் ஃப்ரையருக்கு மாற்றிவிடாதீர்கள். அவிப்பது உலர்சூட்டில் சுடுவதைவிட எப்போதும் மென்மையானது.

வாங்கும்போது லிட்டரைப் பார்ப்பதைவிடக் கூடையின் அடிப்பரப்பைப் பாருங்கள். நான்கு பேருக்கு 5 லிட்டர் அளவில், அகலமான சதுரக் கூடை வேண்டும். ஆழமும் குறுகலுமாக இருந்தால் நான்கு மீன் ஒரே தடவையில் அடங்காது. மின்சாதனம் பாதுகாப்பானது எனக் காட்டும் சேஃப்டி மார்க் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 1,500 வாட் கருவியை 15 நிமிடம் ஓட்டினால் 0.375 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் 11 காசுதான். ஆனால் கெட்டிலோடு ஒரே நீட்டிப்புக் கம்பியில் சொருகாதீர்கள். 13 ஆம்பியர் இணைப்பு தாங்குவது சுமார் 3,000 வாட், இரண்டும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். இடமில்லை என்று எரிவாயு அடுப்பின் மேல் ஒருபோதும் வைக்க வேண்டாம்.

வடிகட்டி வைத்த எண்ணெயை இன்றோடு நிறுத்திவிடுங்கள், ஏர் ஃப்ரையர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும். திரும்பத் திரும்பச் சூடேறிய எண்ணெய் சிதைந்து, முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையத் தொடங்கும். மிஞ்சியதைத் தொட்டியில் ஊற்றாமல், பழைய தாளில் ஊறவைத்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

உங்கள் கடிதத்தில் கருவியைவிட என்னை அதிகம் உறுத்தியது 3.9 என்ற எண். சர்க்கரை நோயுள்ளவருக்குப் பொதுவாக எல்டிஎல் 2.6க்குக் கீழே இருக்கவேண்டும், சிலருக்கு இன்னும் கீழே. அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமை நாள் தவறாமல் சாப்பிட்டால் எல்டிஎல் 40 விழுக்காடு அளவுக்கு இறங்கவேண்டும். சாப்பாட்டை மட்டும் மாற்றி அந்த இறக்கம் பெரும்பாலோருக்கு வராது. அந்த மாத்திரை இந்தப் பரிசோதனைக்குப் பிறகுதான் தொடங்கியதா, அல்லது முன்பே கொடுத்தும் இடையிடையே விட்டுப்போகிறதா? அட்டையில் மிச்சம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இரவில் மறந்துபோகிறவர் காலையில் மெட்ஃபார்மினோடு சேர்த்தே சாப்பிடலாம், இந்த மருந்துக்கு நேரம் முக்கியமல்ல. தசைவலி வந்து அவராகவே நிறுத்தியிருந்தால் மருத்துவரிடம் சொல்லட்டும், அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ முடியும். ஏர் ஃப்ரையர் வந்துவிட்டது என்று மாத்திரையை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். மூன்று மாதம் கழித்து எல்டிஎல்லையும் ஹெச்பிஏ1சியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், எண்ணெய்ப் போத்தலில் எழுதிய தேதிகளையும் அன்றைக்குக் கையோடு கொண்டுபோங்கள்.