இரண்டு பல் போயும் வலி போகவில்லையே, டாக்டர்?

கேள்வி: பாலக்கோடு அருகே ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வயது 38. புளி மண்டியில் கொட்டை எடுக்கும் வேலை. எட்டு மாதமாக இடது பக்க மேல் கடவாய்ப் பற்களில் வலி. ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தார்கள், இன்னொன்றைப் பிடுங்கினார்கள். வலி நிற்கவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். குனிந்தால் வலி கூடுகிறது. மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். எந்நேரமும் அசதி, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாதவிடாயும் அதிகம். எல்லாம் ஃப்ளோரைடு தண்ணீரால்தான் என்கிறார்கள். மூன்றாவது பல்லையும் எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அந்தப் பல் இருக்கட்டும்.

'எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும்' என்பார்கள். சரிதான், ஆனால் எரிகிற கட்டை எது என்று முதலில் தெரிய வேண்டுமே. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது 'குனிந்தால் வலி கூடுகிறது' என்ற வரி. கன்ன எலும்புக்குள் சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. மேல் கடவாய்ப் பற்களின் வேர்கள் அதன் தரையை ஒட்டியே நிற்கும். அங்கே சளி கட்டி வீங்கினால் நல்ல பற்களும் வரிசையாக வலிக்கும். குனிந்தாலும், படியில் தடதடவென்று இறங்கினாலும் வலி கூடும். மண்டித் தூசியில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு மூக்கடைப்பும் இருந்தால் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடும். அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். தேவைப்பட்டால் சைனஸுக்கு சிடி ஸ்கேன் சொல்வார்.

சைனஸ் இல்லை என்றாலும் வழி அடைபடவில்லை. மென்று வாயைத் திறக்கும் நொடியில் சுருக்கென்றால் பல்லில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அது எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. காலையில் எழும்போதே தாடை வலித்தால் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களோ என்று பார்க்க வேண்டும். முகம் கழுவும்போது கரண்ட் அடித்தது போல வெட்டினால் அது நரம்பு வலி, அதற்கு மாத்திரையே வேறு. பல் மருத்துவரிடம் போகும்போது வலி எப்போது, எதனால், எவ்வளவு நேரம் என்று ஒரு வாரக் குறிப்பை எழுதி எடுத்துப் போங்கள். ஸ்கேனை விட அந்தத் துண்டுச் சீட்டு எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது.

இப்போது அசதி. இதற்குப் பல்லில் காரணம் தேடத் தேவையில்லை என்று நினைக்கிறேன். மாதவிடாய் அதிகம், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தசோகைதான் என் முதல் சந்தேகம். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. இன்னொன்றும் உண்டு, அதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. எட்டு மாதம் வலி மாத்திரை! டைக்ளோஃபினாக் போன்றவை வயிற்றில் புண்ணாக்கி, வெளியே தெரியாமலே ரத்தத்தைக் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பல் வலிக்குப் போட்ட மாத்திரையே அசதியைக் கூட்டியிருக்கலாம். மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதா என்று கவனியுங்கள். கடையில் கேட்டு வாங்குவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

ரத்த அணுக்கள் முழுப் பரிசோதனை, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு, சர்க்கரை, பி12 வைட்டமின், கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) பார்க்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் டீயோடு போடாதீர்கள், டீ இரும்பை உடம்பில் சேர விடாது. எலுமிச்சைச் சாற்றோடு போடலாம்.

ஃப்ளோரைடு விஷயம். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து போர் தண்ணீரில் அது அதிகம் என்பது உண்மைதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியதே அதற்காகத்தான். ஆனால் பல்லில் விழும் அந்தப் பழுப்புக் கறை, சுமார் எட்டு வயதுக்குள் பல் உருவாகும்போதே விழுவது. லேசான கறை பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர, பொதுவாக வலிக்காது. முப்பத்தெட்டு வயதில் ஒரு பக்கம் மட்டும் வரும் வலியை அதன் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. கழுத்து, இடுப்பு, முட்டி விறைத்துப் போயிருந்தால் அது வேறு கதை, மருத்துவரிடம் சொல்லுங்கள். எப்படியும் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே பிடியுங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் கட்டாயமாக. போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறதா என்று குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் தாமதிக்காதீர்கள். நடந்தால், மூட்டை தூக்கினால் தாடை வலித்து, உட்கார்ந்தால் அடங்குகிறது என்றால் அது இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம். அன்றே இசிஜி எடுங்கள். வியர்த்துக் கொட்டி நெஞ்சும் அழுத்தினால் 108-ஐக் கூப்பிடுங்கள். அதேபோல் முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனாலும் நேராக அவசரப் பிரிவுதான்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள். மூக்கடைப்பு உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அதை நீங்கள் சொல்லவே இல்லை.