காப்பீட்டு அட்டையும் மாத்திரை அட்டையும்

அன்புள்ள ஐயா,

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. அரசு மருந்துக் கொள்முதலையும் மருத்துவமனைகளையும் படிப்படியாகக் கைவிட்டு, அந்தப் பணத்தில் எல்லோருக்கும் காப்பீட்டு அட்டை வழங்கினால் ஏழைகளும் விரும்பிய இடத்தில் சிகிச்சை பெறலாமே?

ஒரு வாசகர், விழுப்புரம்

அன்புள்ள நண்பருக்கு,

2009-இல் தொடங்கிப் பெயரும் வடிவமும் மாறிவந்த காப்பீட்டுத் திட்டம், இதய அறுவை சிகிச்சை போன்ற பெருஞ்செலவின்போது பல குடும்பங்களைக் கடனிலிருந்து காத்திருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அட்டை பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்தவருக்கே பயன்படும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்கு உதவாது. இந்தியர்கள் கைப்பணத்திலிருந்து செய்யும் மருத்துவச் செலவில் மிகப் பெரிய பங்கு மருந்துக்கே போகிறது.

அந்தச் செலவைக் குறைக்க முனைந்தது 1994-இல் அமைக்கப்பட்ட, அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித்தரும் அரசு நிறுவனமான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். இன்றியமையாத மருந்துகளுக்கு ஒரு பட்டியல் வகுத்து, வணிகப் பெயரில் அன்றி மூலப்பெயரில் மாநிலம் முழுமைக்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளி கோரி, வந்து சேரும் மருந்தின் மாதிரியைத் தயாரிப்பாளர் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பின்னரே மாவட்டக் கிடங்கிலிருந்து விநியோகிக்கும் முறையை அது நிலைநாட்டியது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அதில் வரவு வைத்த தொகைக்குள் தனக்கு வேண்டியதை அது எடுத்துக்கொள்ளலாம். (‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்ட மாத்திரை வேலை செய்யாது என்று இன்றும் சொல்பவர்கள், அந்த ஆய்வகச் சோதனையை அறியாதவர்கள்.) கேரளமும் இதே வழியில் தனிக் கழகம் அமைத்தது, ராஜஸ்தான் 2011-இல் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது இம்முறையையே பின்பற்றியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டு வாசல்வரை கொண்டுசெல்ல முடிந்ததும் இந்தக் கொள்முதல் ஏற்கெனவே இருந்ததால்தான்.

நீங்கள் சொல்வதுபோல் இதைக் கைவிட்டால், மொத்தமாக வாங்குபவர் என்ற முறையில் அரசுக்கு இருக்கும் பேரம் பேசும் வலிமை போய்விடும். மேலும், காப்பீட்டுத் தொகையைப் பெறுவன தனியார் மருத்துவமனைகள் மட்டுமல்ல, அரசு மருத்துவமனைகளும் அத்திட்டத்தின்கீழ் சிகிச்சை அளித்து அதைப் பெறுகின்றன. பெரிய தனியார் மருத்துவமனை இல்லாத ஊர்களில், அரசு மருத்துவமனையை மூடிய பிறகு உங்கள் அட்டையை எங்கே நீட்டுவது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து தீர்ந்துபோவதும் காத்திருப்பும் உண்மையான குறைகளே. கூடுதல் பணம் கிடைத்தால் அதை முதலில் அங்கே செலவிட வேண்டும் என்பதே என் கருத்து.

அன்புடன்