உப்புநீருக்கு எந்த ரீல்?

கேள்வி: கல்லடிக் கடற்கரையிலும் வாவியிலும் தூண்டில் போடுகிறேன். முன்பு வாங்கிய, நூல் சுற்றும் ரீல் ஆறே மாதத்தில் இறுகிவிட்டது. பத்துப் பெயரிங் (சுழலும் பாகங்களைத் தாங்கும் குண்டு வளையம்) உள்ள ரீலை வாங்கலாமா?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: பெயரிங்கின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம், மலிவான பத்தைக் காட்டிலும், உப்புநீர் புகாதவாறு அடைக்கப்பட்ட நான்கு மேலானவை. பெரிய மீன் இழுக்கும்போது ரீலின் உடல் வளைந்தால் உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் தேய்ந்துவிடும் என்பதால், அலுமினிய உடலும், தண்ணீர் புகாத டிராக்கும் (மீன் இழுக்கும்போது நூலை இறுக்கத்தோடு விட்டுக்கொடுக்கும் அமைப்பு) உள்ளதைத் தேடுங்கள். வாவியில் கொடுவாவுக்கு 3000 அல்லது 4000 அளவு ரீல் போதும் (எண் கூடினால் ரீலும் பெரிது). அலைக்கு அப்பால் எறிந்து பாரை பிடிக்க 5000 அல்லது 6000 வேண்டும். இரண்டுக்கும் ஒன்றுதான் வாங்க முடியுமென்றால், நான் 4000ஐயே எடுப்பேன். வீடு திரும்பியதும் டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவி, உலர்ந்தபின் தளர்த்தி வையுங்கள். வாளிக்குள் அமிழ்த்த வேண்டாம். பல ரீல்கள் அப்படித்தான் பழுதாகின்றன.