ஜிம்மில் சேர்ந்து பாதியில் விடுகிறவர்களுக்கு: எடைப் பயிற்சி கேள்வி பதில்

எடைப் பயிற்சியை எப்படித் தொடங்குவது என்று கேட்பவர்கள் குறைவு. விட்டதை எப்படிப் பிடிப்பது என்றுதான் முக்கால்வாசிப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணே, மூணாவது தடவையா ஜிம்முல சேர்ந்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் ஆறு வாரம் தாண்ட மாட்டேங்குது. மார்புக்கு ஒரு நாள், முதுகுக்கு ஒரு நாள்னு ஆறு நாள் ஷெட்யூல். ஆர்வம் குறையாம இருக்க என்ன செய்யலாம்? (மதுரை. வேலை இலந்தைக்குளம், வீடு ஐயர் பங்களா)

தம்பி, ஆர்வம் இருக்கட்டும், முதலில் அந்த ஷெட்யூலைக் கிழித்துப் போடுங்கள். ஆறு நாள் திட்டத்தில் வியாழக்கிழமை ஆபீஸில் மாட்டிக்கொண்டால் தோளுக்கு அந்த வாரம் பூஜ்யம். ஈடுகட்ட ஞாயிறு போக வேண்டும், போக மாட்டீர்கள். இரண்டு வாரம் இப்படிப் போனால் 'ஒண்ணாந்தேதியில இருந்து ஆரம்பிப்போம்' என்று தோன்றும். அந்த ஒண்ணாந்தேதி வராது.

வாரம் மூன்று நாள் போதும்: திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும் வேலை. முதல் நாள் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்து மார்பிலிருந்து மேலே தள்ளுவது), ரோ (குனிந்து உடம்பை நோக்கி இழுப்பது). அடுத்த நாள் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), ஓவர்ஹெட் பிரஸ் (தலைக்கு மேல் தள்ளுவது), லேட் புல்டவுன் (மேலிருக்கும் கம்பியைக் கீழே இழுக்கும் மெஷின்). இப்படி மாறி மாறி. ஒரு நாள் தவறினாலும் எந்தத் தசையும் பட்டினி கிடக்காது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டெட்லிஃப்ட் மட்டும் இரண்டு செட் (சுற்று), மற்றவை மூன்று. செட்டுக்கு 8 ரெப் (தடவை), நடுவே இரண்டு நிமிட ஓய்வு. உடம்பைச் சூடேற்றும் வார்ம்-அப்போடு 50 நிமிடத்தில் முடியும்.

எவ்வளவு எடை? திணறாமல் 12 முறை தூக்க முடிகிற எடையை எடுத்து 8 முறை மட்டும் தூக்குங்கள். முதல் வாரம் இரண்டு செட்தான். பெரும்பாலோர் முதல் நாளே முடிந்ததெல்லாம் தூக்கிவிட்டு, இரண்டாம் நாள் மாடிப்படி இறங்க முடியாமல் தவிப்பார்கள். அந்த வலி 24 முதல் 72 மணி நேரம் வரை இருக்கும். அதனால் புதன்கிழமை போச்சு, அதோடு வெள்ளியும் போச்சு.

இரண்டாவது, 'குறைந்தபட்ச நாள்' ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சோர்வான நாளில் ஒரே பயிற்சி, இரண்டு செட், 12 நிமிடம். அதுவும் வந்த கணக்குதான். மூன்றாவது, ஆபீஸிலிருந்து நேராக ஜிம். வீட்டுக்குப் போய் உடை மாற்றிக் கிளம்பலாம் என்றால் நாற்காலி பிடித்துக்கொள்ளும். பை காலையிலேயே வண்டியில் இருக்கட்டும். வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் கட்டாயம் போவோம் என்ற நம்பிக்கையும் வேண்டாம், மூன்று மாதத்துக்குக் கட்டுங்கள்.

21 நாள் விடாம செஞ்சா பழக்கமாயிடும்னு சொல்றாங்களே?

ஆதாரம் இல்லாத கணக்கு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னால் வரும் அளவுக்குப் படிய 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவாக 66. நமக்கு இதைவிட முக்கியமான விஷயமும் அதில் உண்டு: ஒரு நாள் தவறினால் பெரிதாக எதுவும் கெடவில்லை. அதனால் ஒரு நாள் விட்டதற்காக மூலையில் உட்கார வேண்டாம். அடுத்த முறையும் சேர்த்து விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தெற்கு மாசி வீதியில ஜவுளிக்கடை வேலை. காலை 10-ல இருந்து ராத்திரி 10 வரைக்கும் நின்னே ஆகணும். எப்ப போறது?

கடை முடிந்து போகலாம் என்ற எண்ணமே வேண்டாம். காலை 7 மணி, வாரம் இரண்டு நாள். உலக சுகாதார நிறுவனமும் தசைப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாளைத்தான் குறைந்தபட்சம் என்கிறது. நேரத்தைச் சுருக்க இரண்டிரண்டாகச் சேருங்கள்: ஒரு செட் பெஞ்ச் பிரஸ், ஒரு நிமிடம் கழித்து ஒரு செட் ரோ, மறுபடி பெஞ்ச். ஒன்று தள்ளுவது, ஒன்று இழுப்பது. ஒரு பக்கம் வேலை செய்யும்போது மறுபக்கம் ஓய்வெடுக்கும். 35 நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். கால் பயிற்சியை விடுமுறைக்கு முந்தின நாள் வையுங்கள். மறுநாள் கால் கடுத்தாலும் நிற்க வேண்டியதில்லை.

தீபாவளி நெருக்கத்தில் வாரம் ஒரு நாள்கூடப் போதும். ஏற்றின பலத்தைக் காப்பாற்ற, ஏற்றும்போது செய்ததில் மூன்றில் ஒரு பங்கு வேலையே போதுமானது. ஆனால் செட்டைக் குறைக்கலாம், எடையைக் குறைக்கக் கூடாது.

நோட்டுல எழுதுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. என்ன எழுதணும்?

தேதி, பயிற்சி, எடை, ஒவ்வொரு செட்டிலும் எத்தனை ரெப். அவ்வளவுதான். 'ஸ்குவாட் 40: 8, 8, 7' என்று ஒரு வரி. மூன்று செட்டிலும் 8 வந்ததும் எடையை ஏற்றாமல் முதலில் ரெப்பை ஏற்றுங்கள்: 9, 10. மூன்று செட்டும் 10 வந்த பிறகு 2.5 கிலோ கூட்டி மறுபடி 8-க்கு இறங்குங்கள். கண்ணாடியில் தெரியாத முன்னேற்றம் நோட்டில் தெரியும். முதல் இரண்டு மாதம் தொடர வைப்பது பெரும்பாலும் அதுதான்.

ஒரு சிக்கல் உண்டு. பல ஜிம்களில் சின்ன பிளேட்டே (பார் என்ற கம்பியில் மாட்டும் எடைத் தட்டு) 2.5 கிலோதான். இரண்டு பக்கமும் மாட்டினால் ஒரே தாவலில் 5 கிலோ. ஸ்குவாட்டுக்குத் தாங்கும்; ஓவர்ஹெட் பிரஸ்ஸில் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பாரின் எடையையும் நம்ப வேண்டாம். ஒலிம்பிக் பார் 20 கிலோ. உள்ளூர் பார்கள் பல அதைவிடக் குறைவு. எடை மெஷினில் பாரோடு ஒரு முறை, வெறுமனே ஒரு முறை ஏறிக் கழித்துப் பாருங்கள்.

உசிலம்பட்டி பக்கம் கிராமம். ஜிம்முக்கு 14 கிலோமீட்டர் போகணும். தண்டால், பஸ்கி மட்டும் எடுத்தா பத்தாதா?

தொடங்கப் பத்தும். ஆனால் தண்டால் 50, 60 என்று ஏறிய பிறகு அது பலத்தைவிட மூச்சைத்தான் வளர்க்கும். அந்தக் கட்டத்தில் இறங்குவதை மூன்று விநாடிக்கு மெதுவாக்குங்கள், அல்லது காலைத் திண்ணை மேல் வைத்து எடுங்கள். பஸ்கிக்கு 25 கிலோ அரிசிச் சிப்பத்தை மார்போடு அணைத்துக்கொள்ளலாம். இழுக்கும் பயிற்சி இல்லாமல் தண்டால் மட்டும் எடுத்தால் தோள் முன்னால் வளையப் பார்க்கும். வேப்பமரக் கிளையிலோ கோயில் திடல் கம்பியிலோ புல்-அப் (தொங்கி உடம்பை மேலே இழுப்பது) எடுங்கள். வராதவர்கள் ஸ்டூலில் ஏறி மேலே தொங்கி, ஐந்து விநாடியில் இறங்குங்கள், ஐந்து முறை.

ஜிம்மில் கிடைக்காத வசதி ஒன்று உங்களிடம் இருக்கிறது: 20 லிட்டர் தண்ணீர் கேன். ஒரு லிட்டர் கூட்டினால் ஒரு கிலோ. 10 லிட்டரில் தொடங்கி, குனிந்து ஒரு கையால் இழுக்கும் ரோ செய்யுங்கள். இரண்டு கையிலும் பிடித்து வரப்பில் 40 அடி நடங்கள். பாதி நிரம்பிய கேன் தளும்பி ஆட்டும், மெதுவாகத் தூக்குங்கள்.

கர்லாக்கட்டை இருந்தால் இன்னும் நல்லது. இளசுகள் எடுத்ததுமே பெரிய கட்டையைத் தூக்கி, தோளில் சுளுக்கு வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டு மூன்று கிலோ கட்டையில் சுழற்சி சீராக வந்த பிறகு மாற்றுங்கள்.

வயசு 46, கே.புதூர். சுகர் இருக்கு, முழங்கால் வலியும் இருக்கு. டாக்டர் எடைப் பயிற்சி நல்லதுன்னு சொன்னாரு. ரெண்டு வாரம் செய்றேன், விட்டுடறேன்.

அக்கா, நேரம் குறிக்காதீர்கள். ஏற்கெனவே செய்கிற வேலையோடு முடிச்சுப் போடுங்கள். வாசலில் கோலம் போட்டு நிமிர்ந்ததும் பயிற்சி, செவ்வாய், வியாழன், சனி. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 8 முறை மூன்று செட்; வலித்தால் தலையணை போட்டு உயரம் கூட்டுங்கள். சுவரில் கை ஊன்றித் தண்டால் 8. இரண்டு கையிலும் இரண்டு கிலோ டம்பெல் பிடித்து, முன்னால் சாய்ந்து பின்னால் இழுப்பது 10. எழும்போது மூச்சை விடுங்கள், அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். லேசான முழங்கால் வலி மறுநாள் காலைக்குள் பழையபடி ஆகிவிட்டால் தொடரலாம். வீங்கினால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற சுகரைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்தால் முன்னதாகச் சுகர் பாருங்கள். 100-க்குக் கீழ் என்றால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். சுகரால் விழித்திரை பாதித்திருந்தால் கனமான எடைக்கு முன் கண் டாக்டரைக் கேட்பது கட்டாயம்.

சித்திரைத் திருவிழா, கல்யாணம், காதுகுத்துன்னு மூணு வாரம் போச்சு. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் ஜிம்முக்குப் போ என்று சொல்ல நான் யார்? ஒரு வாரம் விட்டால் அதே எடை, ஒரு செட் குறைவு. இரண்டு மூன்று வாரம் என்றால் 10 முதல் 15 சதவீதம் குறையுங்கள். இரண்டு வாரத்தில் பழைய இடம் வந்துவிடும். இரண்டு மாதத்துக்கு மேல் என்றால் பாதி எடையில் தொடங்குங்கள், கூச்சப்பட வேண்டாம். வளர்ந்த தசை திரும்பி வருவது முதல் தடவையைவிட வேகமாக இருக்கும்.

அக்னி நட்சத்திரத்தில் ஷீட் போட்ட மொட்டைமாடி ஜிம் என்றால் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள். ஓய்வை மூன்று நிமிடமாக்குங்கள், உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள். அந்த மாதம் எடை ஏறாவிட்டால் வெயில் காரணம், நீங்கள் இல்லை.

ரெண்டு மாசமா பெஞ்ச் 60-லயே நிக்குது. வெறுப்பா இருக்கு. புரோட்டீன் பவுடர் வேணுமா? ஜிம்ல ஒருத்தர் ஊசி போட்டா ஏறும்னு சொல்றாரு.

அந்த ஸ்டீராய்டு ஊசி வேண்டாம். உடம்பு தானாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) நின்றுபோகும், விந்தணு குறையும், இதயமும் கெடும். இதில் நடுநிலையாகச் சொல்ல ஒன்றுமில்லை.

பவுடர் கட்டாயமில்லை. உடல் எடை கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் குறி; 65 கிலோ ஆளுக்கு நூறு கிராம் சொச்சம். முட்டை ஒன்றில் 6 கிராம். சமைத்த கோழி 100 கிராமில் 27 கிராம் போல. உலர்ந்த சோயா உருண்டை 50 கிராமில் 25. அரை லிட்டர் பாலில் 15-க்கு மேல். பரோட்டாவும் சால்னாவும் வயிற்றை நிரப்பும், இந்தக் கணக்கை நிரப்பாது. ஏழு மணி நேரம் தூங்குகிறீர்களா என்றும் பாருங்கள்.

இரண்டும் சரி என்றால் ஒரு வாரம் செட்டைப் பாதியாக்குங்கள். பிறகு 52.5-ல் தொடங்கி வாரம் 2.5 கூட்டுங்கள். பெஞ்ச்சை வாரம் ஒரு நாள் மட்டும் போட்டிருந்தால் இரண்டாக்குங்கள். பல நேரம் அதுவே தடையை உடைக்கும்.

கூட்டாளி வராத நாள் நானும் போறதில்ல.

டீக்கடையில் காத்திருக்காதீர்கள். ஜிம்முக்குள் போய் வார்ம்-அப்பைத் தொடங்கிவிட்டுக் காத்திருங்கள். பத்து நிமிடத்தில் வராவிட்டால் தனியாகத் தொடரலாம். அன்றைக்குப் பெஞ்ச்சை டம்பெல்லில் போடுங்கள். பார்தான் வேண்டுமென்றால் பிளேட்டுக்குக் கிளிப் மாட்டாதீர்கள். மேலே தள்ள முடியாமல் நின்றால் ஒரு பக்கம் சாய்த்தால் பிளேட் கழன்றுவிடும். உடனே மறுபக்கம் வேகமாகத் தூக்கி அடிக்கும், அதனால் பக்கத்தில் ஆள் நிற்கவில்லை என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.