1906-இல் 116 ஆட்டங்களை வென்ற பேஸ்பால் அணியான சிகாகோ கப்ஸ், இரு பெரும் லீகுகளின் வாகையர் மோதும் உலகத் தொடரில் தோற்றது ஏன்?

அதன் பந்துவீச்சாளர் மார்டிகாய் பிரவுனின் களைப்பே முதற்காரணம் என்பேன். அந்தப் பேஸ்பால் பருவத்தில் 36 ஆட்டங்களில் மட்டுமே தோற்ற கப்ஸை, அதே ஊரின் ஒயிட் சாக்ஸ் 4-2 என வீழ்த்தியது. அமெரிக்கன் லீகிலேயே மட்டையடிச் சராசரியில் கடைசி அணி அது!

சிறுவயதில் பண்ணை இயந்திரத்தில் சிக்கி விரல்கள் சிதைந்த கையால் பிரவுன் வீசும் பந்து, மட்டையாளரை நெருங்கும்போது சட்டென்று கீழே சரியும். அந்தக் கைக்குப் போதிய ஓய்வு தரப்படவில்லை. அவர் வீசியவை: அக்டோபர் 9-இல் முதல் ஆட்டம், 12-இல் நான்காவது, 14-இல் ஆறாவது. நான்காவதில் ஓர் ஓட்டம்கூடக் கொடுக்காதவர், ஒரே நாள் இடைவெளியில் வந்த ஆறாவதில், ஒன்பது இன்னிங்ஸில் இரண்டாவதைக்கூட முடிக்கவில்லை. ஒயிட் சாக்ஸ் 8-3 என வென்றது.

கப்ஸின் மட்டையும் கைகொடுக்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் ஒயிட் சாக்ஸ் பந்துவீச்சாளர் எட் வால்ஷ் 12 ஸ்டிரைக் அவுட்டுகள் (மட்டையாளரைப் பந்தை அடித்தாட விடாமலே வெளியேற்றுவது) எடுத்தார்.