புது எம்.2 எஸ்எஸ்டி பயோஸில் வரலைன்னா
2016 லேப்டாப்புக்குப் புனலூர்ல வாங்கின புது எம்.2 எஸ்எஸ்டி (ஸ்லாட்ல நேரா சொருகுற சின்னப் பட்டை மாதிரி சேமிப்பு டிரைவ்) பயோஸ்ல (லேப்டாப் ஆன் ஆகும்போது வர்ற அடிப்படை செட்டிங்ஸ் திரை) தெரியலைன்னு கேட்டிருந்தீங்க. டிரைவ் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு. ஸ்லாட்ல சரியா உட்கார்ந்து, திருகும் போட்டு, பயோஸ்ல பேரே வரலைன்னா, உங்க 2016 லேப்டாப்போட எம்.2 ஸ்லாட் சாட்டா (பழைய, மெதுவான இணைப்பு முறை) மட்டும் எடுக்கிற வகையா இருக்கும். நீங்க புனலூர்ல வாங்கினது என்விஎம்இ (புதிய, வேகமான இணைப்பு முறை). ரெண்டும் ஒரே அளவு, 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். அதனாலதான் எல்லாரும் ஏமாறுறாங்க.

டிரைவைக் கழற்றித் தங்க நிற முனையைப் பாருங்க. ஒரே வெட்டு இருந்தா பெரும்பாலும் என்விஎம்இ, ரெண்டு வெட்டுன்னா பெரும்பாலும் சாட்டா. ரெண்டு வெட்டோட வர்ற என்விஎம்இயும் உண்டு, அதனால லேபிளையும் படிச்சிடுங்க. ஸ்லாட் எந்த வகைன்னு உங்க மாடலோட சர்வீஸ் மேனுவல்ல இருக்கும்.

கடையில திருப்பிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி, என்விஎம்இக்கான யூஎஸ்பி கேஸ்ல போட்டு வேற கம்ப்யூட்டர்ல சொருகுங்க. அங்க தெரிஞ்சா டிரைவ் நல்லா இருக்கு.

மாத்தி வாங்குறதா இருந்தா 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்க, 7 மி.மீ. தடிமன். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்துலயே உட்காரும். வேகம் விநாடிக்கு 550 எம்பி பக்கம்தான், ஆனா ஹார்ட் டிஸ்க்கோட ஒப்பிட்டா அதுவே ராக்கெட்.

குளோன் பண்ணும்போது (பழைய டிஸ்க்ல இருக்கிறதை அப்படியே புதுசுக்கு நகலெடுக்கும்போது) பேட்டரி முழுசா இருக்கட்டும், சார்ஜரும் சொருகியிருக்கட்டும். செங்கோட்டைச் சாரல் நேரத்துல கரன்ட்டை நம்ப முடியாது. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) போட்டிருந்தா மீட்புச் சாவியை முதல்லயே பேப்பர்ல எழுதி வச்சிக்கோங்க.