“பார்த்துச் செய்யுங்கள் தம்பி”

கேள்வி: நான் மன்னார்குடியில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை. மறைந்த என் கணவர் வாங்கிய டீசல் காரைப் பதினான்கு ஆண்டுகளாக ஒரே மெக்கானிக்தான் பார்த்து வருகிறார். சென்ற மாதம் எஞ்சின் சூடேறியபோது, “பார்த்துச் செய்யுங்கள் தம்பி” என்று சொல்லி வண்டியை விட்டுவந்தேன். தெர்மோஸ்டாட் வால்வை மாற்றி 3,200 ரூபாய் வாங்கினார். பத்தாம் நாள் மீண்டும் சூடேறியது. வாட்டர் பம்பையும் ரேடியேட்டரையும் மாற்றி 14,600 ரூபாய் வாங்கினார். அதன் பிறகும் சூடேறவே, தஞ்சாவூரில் வேறொரு பட்டறையில் காட்டினோம். ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேற்பகுதிக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு) போய்விட்டது, ஆரம்பத்திலிருந்தே இதுதான் கோளாறு, முன்பு செய்ததெல்லாம் வீண் செலவு என்கிறார்கள். அந்தப் பத்தாம் நாள் என் மகன் வேதாரண்யத்திலிருந்து வரும்போது வெப்பமுள் சிவப்பைத் தொட்ட பிறகும் ஓட்டி வந்திருக்கிறான். வழியில் ஒரு போர்வெல் தண்ணீரைப் பிடித்து ஊற்றினானாம். மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டாம் என்றான், நானும் சொல்லவில்லை. கணவர் இல்லாத வீடு என்று என்னை ஏமாற்றிவிட்டாரா? பட்டறையை மாற்றிவிடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது பணத்தைப் பற்றிய கணக்கு அன்று, “கணவர் இல்லாத வீடு என்று” என்னும் வரிதான். அந்த எண்ணம் ஒருமுறை மனத்தில் புகுந்துவிட்டால் ஒவ்வொரு ரூபாயும் அவமதிப்பாகவே தோன்றும். ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: அவர் உங்களை ஏமாற்றினார் என்பதற்கு நீங்கள் எழுதியவற்றில் சான்று ஏதும் இல்லை. அவர் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லவில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. நீங்கள் அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லவில்லை என்பதற்கும் இருக்கிறது.

எஞ்சின் சூடேறுவதற்குக் காரணம் ஒன்றல்ல. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கலாம், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், விசிறி சுற்றாமல் இருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம், கேஸ்கெட் போயிருக்கலாம். இவற்றில் செலவு குறைந்ததிலிருந்து தொடங்கிப் பார்ப்பது பட்டறைகளில் வழக்கமான முறைதான், அதில் தவறில்லை. ஆனால் “இதை மாற்றிப் பார்க்கலாம் டீச்சர், சரியாகவில்லை என்றால் அடுத்தது இது” என்று முதல் நாளே சொல்லிவிட்டுத் தொடங்கினால் அது சோதனை, சொல்லாமல் செய்தால் வாடிக்கையாளருக்கு அது பணம் பறிப்பாகவே தெரியும். வேலை இரண்டிலும் ஒன்றுதான் என்றாலும் நடுவில் இல்லாமற் போன ஒரு வாக்கியத்துக்காகத்தான் இன்று நீங்கள் எனக்குக் கடிதம் எழுத நேர்ந்திருக்கிறது.

இனி, வேதாரண்யத்திலிருந்து வந்த அந்தப் பயணத்துக்கு வருகிறேன். பெரும்பாலான கார்களில் எஞ்சினின் மேற்பகுதியான ஹெட் அலுமினியத்தால் ஆனது. முள் சிவப்பைத் தொட்ட பிறகும் ஓட்டினால் அந்த அலுமினியம் வளைந்துபோகக்கூடும், அதற்கும் எஞ்சினின் கீழ்ப்பகுதியான பிளாக்குக்கும் இடையில் இருக்கும் கேஸ்கெட் பிடிப்பை இழக்கக்கூடும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் சேதம் இன்னும் கூடும், விரிசலே விடலாம். அதோடு, உப்பளங்கள் சூழ்ந்த அந்தக் கடற்கரைப் பகுதியில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானது. கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் கலந்து நிரப்ப வேண்டிய இடத்தில் அந்த நீர் போய்ச் சேர்ந்தால் உள்ளே உப்புப் படியும், உலோகம் அரிக்கும். ஆகவே, “ஆரம்பத்திலிருந்தே கேஸ்கெட்தான்” என்று தஞ்சாவூர்ப் பட்டறையில் அடித்துச் சொன்னதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். கேஸ்கெட் முதலிலேயே போயிருக்கவும் கூடும், அந்தப் பயணத்தில் போயிருக்கவும் கூடும். நடந்ததை அறியாத ஒருவர் முந்தைய மெக்கானிக்கின் வேலையைக் குறை சொல்வது எளிது, ஏனெனில் அவர் பார்ப்பது கடைசி நிலையை மட்டுமே.

இப்போது உங்கள் மெக்கானிக்கின் தவற்றைச் சொல்ல வேண்டும். அது சிறியதன்று. 14,600 ரூபாய் வேலையைத் தொடங்கும் முன் அவர் உங்களைத் தொலைபேசியில் அழைத்திருக்க வேண்டும். அதற்கும் முன்னதாக, எஞ்சின் முழுவதும் ஆறிய நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, கூலன்ட்டில் விடாமல் குமிழி வருகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். வெளியே கசிவே இல்லாமல் கூலன்ட் குறைகிறதா, சைலன்சரில் வெண்புகை வருகிறதா, எஞ்சின் ஆயில் பால் கலந்தாற்போல் மாறியிருக்கிறதா என்பனவும் செலவில்லாமல் பார்த்துவிடக் கூடியவை. மகன் சிவப்பு முள்ளோடு ஓட்டிவந்தது தெரிந்திருந்தால் எந்த மெக்கானிக்கும் இவற்றைத்தான் முதலில் பார்த்திருப்பார். நோயாளி மறைத்ததை மருத்துவரின் அறியாமைக் கணக்கில் எழுதுவது முறையாகாது.

“பார்த்துச் செய்யுங்கள்” என்னும் சொல்லை நம் பக்கத்தில் எல்லோரும் சொல்கிறோம். சொல்பவர் மனத்தில் அதற்கு “பில்லைப் பார்த்துப் போடுங்கள்” என்று பொருள். கேட்பவர் காதிலோ “உங்களுக்குத் தேவை என்று தோன்றுவதையெல்லாம் செய்துவிடுங்கள்” என்று விழுகிறது. நம்பிக்கையைக் காட்டத்தான் அப்படிச் சொல்கிறோம். ஆனால் எவ்வளவு வரை செலவு செய்யலாம், எதற்கு முன்பு கேட்க வேண்டும் என்னும் இரண்டையும் அந்தச் சொல் விழுங்கிவிடுகிறது. இனி அதற்குப் பதிலாக, “மூவாயிரம் ரூபாய் வரை நீங்களே செய்யுங்கள் தம்பி, அதற்கு மேல் போனால் ஒரு போன் செய்துவிட்டுக் கை வையுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். பதினான்கு ஆண்டுப் பழக்கம் அதனால் குறைந்துவிடாது.

கூலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இது நம்மை நோக்கிச் சொல்வது. ஸ்பேர் விலையை வாய் பேசாமல் கொடுத்துவிட்டு, கூலியில் மட்டும் ஐந்நூறு குறைக்கச் சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. நாள் முழுவதும் வண்டிக்கடியில் படுத்திருந்தவரின் உழைப்புக்கு நாம் விலை மறுத்தால், அந்த வருமானம் ஸ்பேரின் விலைக்குள் போய் ஒளிந்துகொள்ளும், சில இடங்களில் தேவையில்லாத ஸ்பேராகவே வந்து நிற்கும். கூலியை முழுமையாகக் கொடுத்துவிடுங்கள். ஸ்பேருக்கு அச்சிட்ட விலையுள்ள பெட்டியையும் கழற்றிய பழைய பொருளையும் கேட்டு வாங்குங்கள்.

இவற்றைக் கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று நினைத்துவிடுவாரோ என்ற தயக்கம் உங்களுக்கு எழும். எனக்கும் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன், சம்பா அறுவடை முடிந்த தை மாதத்தில், வயலில் இருந்த எலிகள் வீட்டுப் பக்கம் ஒதுங்கியபோது என் காரின் பானெட்டுக்குள் புகுந்து ஒயரைக் கடித்துவிட்டன. வண்டியை எடுக்கப் போனபோது, நான் கேட்கும் முன்பே அந்த மெக்கானிக் கடிபட்ட ஒயர்த் துண்டுகளைச் செய்தித்தாளில் மடித்து எடுத்துவந்து, பல் பட்ட இடத்தை விரல் வைத்துக் காட்டினார். 2,400 ரூபாயை ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தேன். அன்று முதல் எந்தப் பட்டறையிலும் பழைய பொருளைக் கேட்க நான் தயங்குவதில்லை. நல்ல தொழிலாளிக்கு அதைக் காட்டுவதில் பெருமைதான்.

பட்டறையை மாற்றுவதா என்று கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம். ஒருமுறை நேரில் போங்கள். தஞ்சாவூரில் சொன்னதைக் குற்றச்சாட்டாக வைக்காமல், “இப்படிச் சொல்கிறார்கள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். அவரிடமே வேலையைக் கொடுப்பதானால், ஹெட்டைக் கழற்றும் நாளில் நீங்களோ உங்கள் மகனோ அங்கே இருங்கள். கழற்றிய ஹெட் லேத் பட்டறைக்குப் போய், வளைவும் விரிசலும் பார்த்து, தேவையென்றால் ஃபேசிங் (பரப்பைச் சமமாகச் சீவுதல்) செய்து வரவேண்டும், கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடினால் இதே கோளாறு திரும்பலாம். லேத் கூலி, கேஸ்கெட், கூலன்ட், அவர் கூலி ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதி வாங்கிய பிறகே வேலை தொடங்கட்டும். பழைய ரேடியேட்டர் இன்னும் அவரிடம் இருந்தால் அதையும் காட்டச் சொல்லுங்கள். அடைத்துப் போயிருந்தால் அந்தச் செலவு வீணில்லை என்று உங்கள் கண்ணுக்கே தெரியும். காட்ட மறுத்தால், எழுதித் தர மறுத்தால், கேள்வி கேட்டதற்கே கோபித்துக்கொண்டால், அப்போது தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் பழுதுபார்ப்பு வேலை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு சேவை. அதில் குறைபாடு இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் திருவாரூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம், 1915 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். ஆனால் பிரித்து எழுதிய பில் இல்லாமல், பழைய பொருளும் இல்லாமல், நடந்த பயணத்தையும் மறைத்து வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்பது உங்களுக்கே கடினமாக இருக்கும்.

போகும்போது மகனையும் அழைத்துச் செல்லுங்கள். வேதாரண்யத்திலிருந்து வந்த கதையை உங்கள் வாயால் சொல்ல வேண்டாம், எங்கே முள் ஏறியது, எவ்வளவு தூரம் அப்படியே ஓட்டினான், எந்த ஊரில் தண்ணீர் ஊற்றினான் என்று அவனே சொல்லட்டும். காரை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், கட்டி இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.